ஒன்றரை மணி நேரம் ஒரு எலிப்ஸ்

இன்ஜினியரிங்ல எனக்கு மொத்தமே ஒரே ஒரு அரியர்தான். ஃபர்ஸ்ட் செமஸ்டர், இன்ஜினியரிங் கிராபிக்ஸ். படிக்காம போய் வாங்குன கப்பு இல்ல அது, கேட்ட அஞ்சு கொஸ்டினும் எனக்குத் தெரியும், அதான் இன்னிக்கு வரைக்கும் வயிறு எரியுது. மூணு மணி நேர பரீட்சைல மொத கொஸ்டினுக்கே ஒன்றரை மணி நேரம் ஒக்காந்துட்டேன்.

கொஸ்டின் இதான்: ஃபோகஸ்ங்கற புள்ளிக்கும் டைரெக்ட்ரிக்ஸ்ங்கற கோட்டுக்கும் நடுவுல 50 மில்லிமீட்டர், எக்சென்ட்ரிசிட்டி (வளைவு எவ்ளோ நசுங்கிருக்குங்கற கணக்கு) 2/3, எலிப்ஸ், அதான் நீள்வட்டம், வரைஞ்சு அதுல ஒரு புள்ளில டேன்ஜென்ட்டும் (தொடுகோடு) நார்மலும் (அதுக்கு செங்குத்து கோடு) போடு. கிராபிக்ஸ் எழுதுன எவனையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். 50ஐ அஞ்சா பிரிச்சு, டைரெக்ட்ரிக்ஸ்லருந்து மூணு பங்கு தள்ளி வெர்டெக்ஸ், அதாவது வளைவோட முனை, வெச்சு, அங்கருந்து வரிசையா ஆர்டினேட் போட்டு, காம்பஸால வெட்டி வெட்டி புள்ளி வெச்சுக்கிட்டே போய் கடைசில எல்லாத்தையும் கையால சேத்துட்டா முடிஞ்சுது. அரை மணி நேரம் கூட ஆகாது. என் புள்ளியெல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு. சேக்கும்போது வெர்டெக்ஸ்கிட்ட ஒரு நெளிசல், ஒரு முடியளவு. அழிச்சேன். திருப்பி போட்டேன், இப்ப நெளிசல் மேல போயிருச்சு. அழிச்சேன். நாலாவது தடவைக்கு பேப்பர்ல பஞ்சு மாதிரி எந்திரிச்சிருச்சு, பஞ்சு மேல பென்சில் போனா கோடு தடிச்சுப் போகுது, தடிச்ச கோட்டப் பாக்க சகிக்கல, திருப்பியும் அழிக்க, ஷீட்ல ஓட்டையே விழுந்துருச்சு. கைய தூக்கி புது ஷீட் கேட்டு மொதல்லருந்து ஆரம்பிச்சேன். பக்கத்து டேபிள்ல இருந்த பொண்ணு அப்ப மூணாவது கொஸ்டின்ல இருந்தா, அவ எலிப்ஸ் ஒரு பக்கம் நசுங்குன மாங்கா மாதிரி இருந்துச்சு, அத நான் நல்லா பாத்தேன், பாத்துட்டு உள்ளுக்குள்ள சிரிச்சேன் வேற.

அவ பாஸ். நான் மொத்தமா ரெண்டரை கொஸ்டின்தான் முடிச்சிருந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு எங்க டிபார்ட்மென்ட் சார் ஒருத்தர் போற போக்குல சொன்னாரு, வளைவு ஸ்மூத்தா இருக்கறதுக்கு அவரு ரெண்டு மார்க்குதான் போடுவாராம்.

நான் ஏன் அப்படி இருந்தேன்னு சொல்லணும்னா ஸ்கூலுக்கு போகணும். எங்க ஊரு பள்ளிபாளையம் பக்கம், அப்பா எட்டு தறி ஓட்டுறாரு. பத்தாவதுல மார்க் நல்லா வந்துச்சுன்னு என்னைய நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்தாங்க, எங்க ஏரியால அப்ப அதான் கௌரவம். காலைல நாலரைக்கு எழுப்பிவிட்டு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஸ்டடி. பிளஸ் ஒன் புக்க கண்ல கூட காமிக்கல, ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடம்தான். (இத ஒழிக்கத்தான் பின்னாடி 2018லருந்து பிளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எக்ஸாம் வெச்சாங்க, எங்களுக்கு அந்த புண்ணியம் கெடைக்கல.) வாராவாரம் டெஸ்ட், மார்க்க வெச்சு செக்‌ஷன் மாத்துவாங்க. ஏ செக்‌ஷன்லருந்து பி செக்‌ஷனுக்கு தட்டையும் தலகாணியையும் தூக்கிட்டு ரூம் மாறணும், எல்லாரும் வராண்டால நின்னு பாத்துட்டு இருப்பாங்க. நான் ஒரு தடவ கூட மாறுனதில்ல. அத ரொம்ப வருஷம் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப யோசிச்சா ரெண்டு வருஷமும் அந்த வராண்டாவ நெனச்சு பயந்தே படிச்சிருக்கேன், வேற ஒண்ணுமில்ல.

பிளஸ் டூல 1200க்கு 1167. மேத்ஸ், கெமிஸ்ட்ரி சென்டம். ரிசல்ட் அன்னிக்கு எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க, நான் பாத்ரூம்ல போயி மீதி 33 எங்க போச்சுன்னு கணக்கு போட்டுட்டு இருந்தேன். மறுநாளே ஸ்கூல்காரங்க எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் வெச்சாங்க. பட்டு தாவணில என் மூஞ்சி ஆளுயரத்துக்கு, பக்கத்துல மார்க், கீழ 'சாதனை மாணவி'.

அந்த ஃபிளெக்ஸ எவனும் கழட்டல. அதான் பிரச்சனை. மே மாசம் வெச்சது அடுத்த பங்குனி நோம்பி (எங்க ஊர் திருவிழா) வரைக்கும் இருந்துச்சு, வெயில்ல என் மூஞ்சி நீலமா வெளுத்துப் போயி, தாவணி பக்கம் கிழிஞ்சு காத்துல அடிச்சிட்டு. நோம்பிக்கு கோயம்புத்தூர்லருந்து ஊருக்கு போறேன், ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் செமஸ்டர் ரிசல்ட், கிராபிக்ஸ்ல பெயில். பஸ் ஸ்டாண்டுல எறங்கி அது கீழதான் நடந்து போகணும், வேற வழி இல்ல. தலைய குனிஞ்சிட்டு போனேன், எங்கயோ கல்யாண மண்டபத்துல பாத்தும் பாக்காத மாதிரி போவோமே அந்த மாதிரி. யாரப் பாத்து ஒளிஞ்சேன்னா என் மூஞ்சியப் பாத்துதான்.

வீட்ல சொல்லல. அப்பா பட்டறைல தறிகிட்ட நின்னுட்டு இருந்தாரு, நான் போயி நின்னேன். பாவு நூல் ஒண்ணு அறுந்துச்சு, தறிய நிறுத்துனாரு, அறுந்த முனைய தேடி எடுத்து முடி போட்டு, விழுதுல கோத்து, அச்சுல இழுத்து, திருப்பி ஓட்டுனாரு. அவரு பேச்ச நிறுத்தக்கூட இல்ல.

"ஏம்மிணி, மூஞ்சி ஏன் இப்பிடி செத்துக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்ப்பா, பஸ்ல தூக்கமில்ல."

"போயி சாப்ட்டுட்டுப் படு."

அவ்ளோதான். அவரு எங்கிட்ட மார்க் கேக்கல. யோசிச்சுப் பாத்தா அவரு எப்பவுமே கேட்டதில்ல, காலேஜ்ல பத்துக்கு போடற சராசரி, அந்த சிஜிபிஏன்னா என்னன்னே அவருக்கு தெரியாது. ஆனா அன்னிக்கு ராத்திரி படுத்துட்டு, அப்பாவுக்கு தெரிஞ்சா செத்துருவாருன்னு நெனச்சு அழுதேன். கேக்காத மனுஷன் கேக்குறாருன்னு நானே முடிவு பண்ணி, நானே பயந்து, நானே பதில் சொல்லிட்டு இருந்தேன்.

இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட்னு கனடால ரெண்டு சைக்காலஜிஸ்ட், 1991ல பெர்ஃபெக்‌ஷனிசத்த மூணா பிரிச்சாங்க. நம்ம மேல நாமளே வெக்கறது ஒண்ணு, அடுத்தவன்கிட்ட எதிர்பாக்கறது ஒண்ணு, மூணாவதுதான் நம்மாளுங்க சமாச்சாரம், அதாவது நான் பிசிறில்லாம இருக்கணும்னு சுத்தி இருக்கறவங்க எதிர்பாக்கறாங்க, இல்லைன்னா ஏத்துக்க மாட்டாங்கன்னு நம்பறது. கவனிங்க, நம்பறது. அவங்க நெஜமா எதிர்பாக்கணும்னு அவசியமே இல்ல. டிப்ரெஷன், பதட்டம், சாகற நெனப்பு இதுங்களோட ரொம்ப ஒட்டி வர்றதும் இந்த மூணாவதுதான்.

தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில்னு ரெண்டு பேரு 2019ல ஒரு பேப்பர் போட்டாங்க. 1989லருந்து 2016 வரைக்கும் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து காலேஜ் பசங்க 41,641 பேரோட ஸ்கோர எடுத்து ஒண்ணா வெச்சுப் பாத்தா மூணுமே ஏறிருக்கு. மொத வகை 10 சதவீதம், ரெண்டாவது 16, அந்த மூணாவது 33. அதுல நம்ம ஊரு பசங்க யாரும் இல்ல, அதனால அந்த நம்பர அப்படியே தூக்கி இங்க ஒட்ட முடியாது. ஆனா அந்த 33ஐ பாத்ததும் எனக்கு பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு. இப்ப ஃபிளெக்ஸ் போயி வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸும் லிங்க்டின் போஸ்ட்டும் வந்திருக்கு, கிழிஞ்சு தொங்கக்கூட செய்யாது அதுங்க.

ஒரு விஷயம் இங்க ஒத்துக்கணும், இல்லைன்னா பொய்யாயிரும். எல்லாமே மண்டைக்குள்ள இருக்கற பிரச்சனைன்னு சொல்ற ஆளுங்க மேல எனக்கு கோவம் வரும். எங்க யுனிவர்சிட்டி ரூல்படி டிஸ்டிங்ஷன் வேணும்னா சிஜிபிஏ 8.5 இருந்தா மட்டும் பத்தாது, எல்லா பேப்பரையும் மொத அட்டெம்ப்ட்லயே முடிச்சிருக்கணும். அதனால பதினெட்டு வயசுல ஒரு எலிப்ஸ்ல வழுக்குனவளுக்கு அடுத்த ஏழு செமஸ்டரும் பத்துக்கு பத்து எடுத்தாலும் டிஸ்டிங்ஷன் கெடையாது. கேம்பஸ்ல வர்ற கம்பெனி ஃபார்ம்ல 'ஸ்டேண்டிங் அரியர்' ஒரு கட்டம், 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' இன்னொரு கட்டம், கிளியர் பண்ணாலும் ரெண்டாவது கட்டம் போகாது. முழுசா வெள்ளையா இருக்கணும், இல்லைன்னா அழுக்குன்னு சிஸ்டமே சொல்லுது. அப்புறம் கவுன்சிலிங் ரூம்ல ஒக்கார வெச்சு "ஏம்மா இப்படி எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையா பாக்குற"ன்னா என்ன சொல்றது.

செகண்ட் இயர் எப்படி போச்சுன்னு பெருசா எழுத ஒண்ணுமில்ல, தூங்கல, சாப்பிடல, கிளாஸுக்கு கரெக்டா போனேன். மெஸ்ல எல்லாரோடயும் ஒக்காந்தா மார்க் பேச்சு வருமேன்னு கூட்டம் கலைஞ்சப்புறம் போவேன், அந்நேரம் சாம்பார்ல தண்ணிதான் இருக்கும். வெளில இருந்து பாக்கறவங்களுக்கு நான் செம படிப்ஸ். இதுல கொடுமை என்னன்னா, நான் முன்னவிட கம்மியாத்தான் படிச்சிட்டு இருந்தேன். பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்னா விழுந்து விழுந்து வேலை செய்வான்னு நெனைக்கறாங்க. கெடையாது. ஆரம்பிக்கவே மாட்டான். ஆரம்பிச்சா தப்பு வருமே. அசைன்மென்ட் சப்மிட் பண்ற அன்னிக்கு விடிகாலை மூணு மணிக்கு எழுத ஒக்காருவேன், அப்ப சுமாரா வந்தா "டைம் இல்ல, அதான்"னு எனக்கே சொல்லிக்கலாம்ல. ரெக்கார்ட் நோட்டு மட்டும் கணக்கில்லாம திருப்பித் திருப்பி எழுதுவேன். மைக்ரோபிராசசர் லேப் ரெக்கார்ட மூணு தடவ எழுதிருக்கேன், மூணு நோட்டு காசு. ரெண்டாவது நோட்டுல குத்தம் என்னன்னா பதினோராவது எக்ஸ்பெரிமெண்ட்ல மசி கொஞ்சம் வேற நீலமா இருந்துச்சு.

தேர்ட் இயர்ல ஒரு நாள் காலைல எந்திரிக்காமயே போயிட்டா நல்லாருக்குமேன்னு தோணுச்சு. பெருசா அழுகையெல்லாம் இல்ல, சும்மா, நாளைக்கு லீவு விட்டா நல்லாருக்கும்னு தோணுமே அந்த மாதிரி. அந்த சாதாரணம்தான் பயமா இருந்துச்சு. ரூம்மேட்கிட்ட சொன்னேன். அவளுக்கு ஊரு கம்பம், அப்ப அவ கணக்குல ஏழு அரியர், செமஸ்டருக்கு ஒண்ணு ரெண்டுன்னு குத்தகைக்கு எடுத்த மாதிரி கூட்டிட்டே போவா, ராத்திரி பத்தரைக்கு படுத்தா காலைல ஏழரைக்குத்தான் கண்ணு முழிப்பா. கேட்டுட்டு சிரிக்கல, அட்வைஸ் பண்ணல. "எந்திரிடி, செருப்ப போடு"ன்னா. டவுன் பஸ்ல பக்கத்துல ஒக்காந்து கடலைமிட்டாய் தின்னுகிட்டே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. ஓ.பி. சீட்டு கூட அவளே எடுத்தா.

டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, நான் எதிர்பாக்காத கேள்வி ஒண்ணு கேட்டாங்க. "1167 எடுத்தப்ப எத்தன நாள் சந்தோஷமா இருந்த?" யோசிச்சேன். ஒரு நாள் கூட இல்ல. "1190 எடுத்திருந்தா?" அப்பவும் இல்லதான். அது ஈசியா வந்துருச்சு, கொஸ்டின் பேப்பர் ஈசின்னு சொல்லியிருப்பேன். இதுவும் தனி ஆளு கிறுக்கு இல்லைன்னு பின்னாடி படிச்சேன், ஆக்ஸ்ஃபோர்டுல ரோஸ் ஷாஃப்ரானும் கூட ரெண்டு பேரும் 2002ல இதத்தான் எழுதிருக்காங்க. தன்னோட மதிப்பு மொத்தத்தையும் டார்கெட் மேல தொங்கவிட்டவன், எட்டலைன்னா தன்னையே திட்டுவான், எட்டிட்டா டார்கெட் சின்னதுன்னு ஏத்தி வெச்சுக்குவான். ரெண்டு பக்கமும் தோல்விதான்.

மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, எட்டு மாசம் சாப்ட்டேன், தூக்கம் வந்துச்சு. அதோட ஒரு வீட்டுப்பாடம். அடுத்த ரெக்கார்ட்ல வேணும்னே ஒரு தப்பு விட்டு, அடிச்சுட்டு பக்கத்துல திருத்தி எழுதி, அப்படியே கொண்டு போயி சைன் வாங்கணும். போறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு நெனைக்கறேனோ அத ஒரு பேப்பர்ல எழுதிக்கணும். நான் எழுதுனது: 'சார் நோட்ட தூக்கி எறிவாரு. எல்லாரும் பாப்பாங்க. திருப்பி எழுதச் சொல்லுவாரு. 80 சதவீதம் கன்ஃபார்ம்.'

தப்பு விடறது இவ்ளோ கஷ்டம்னு நெனைக்கல. எந்த வார்த்தைய தப்பா எழுதறதுன்னே அரை மணி நேரம் யோசிச்சேன், பாக்க அழகா இருக்கற மாதிரி ஒரு தப்பு வேணும்ல. ரூம்மேட் பொறுமை போயி பேனாவ பிடுங்கி நடு பேஜ்ல ஒரு வரிய கோணக்கோடா அடிச்சுவிட்டா. நான் கத்துன கத்துல பக்கத்து ரூம்லருந்து ஆள் வந்துட்டாங்க. மறுநாள் லேப்ல லைன்ல நிக்கறேன், கையெல்லாம் வேர்வை, நோட்டு அட்டை ஈரம். சார் போன்ல யார்கிட்டயோ சிலிண்டர் இன்னும் வரலைன்னு சண்ட போட்டுட்டு இருந்தாரு. போன காதுல வெச்சுகிட்டே என் நோட்ட விரிச்சு, அந்த அடிச்ச பேஜ்லயே, அடிச்ச வரிக்கு மேலயே பச்சை இங்க்ல சைன் போட்டுட்டு, அடுத்த நோட்டுக்கு கைய நீட்டிட்டாரு.

நிம்மதியா இருந்திருக்கணும்ல? இல்ல. எனக்கு செம கோவம். மூணு வருஷமா மூணு மூணு தடவ எழுதிருக்கேனே, இந்தாளு ஒண்ணையாவது படிச்சிருப்பாரா? ராத்திரி முழுக்க அந்த கோவம். டாக்டரம்மாகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "தப்பு பண்ணா திட்டுவாங்கன்னு பயந்த, திட்டலைன்னா அதுக்கும் கோவமா?"ன்னாங்க. ஆமான்னேன்.

அதுல எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனைக்காதீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட கடைசி நாள் வரைக்கும் இழுத்தேன், இன்னிக்கு ஆபீஸ்ல நாலு வரி மெயில் அனுப்ப முக்கா மணி நேரம் எடுத்துக்கறேன். கிராபிக்ஸ ரெண்டாவது அட்டெம்ப்ட்ல, அஞ்சு கொஸ்டினையும் தொட்டு, நசுங்குன மாங்காயோட 71 எடுத்து முடிச்சேன். வீட்ல அரியர பத்தி சொன்னது அதுக்கும் அப்புறம். அம்மா "ஏங்கண்ணு அப்பவே சொல்லல"ன்னு அழுதாங்க, அப்பா "முடிஞ்சுதல்ல"ன்னு கேட்டுட்டு பட்டறைக்கு கெளம்பிட்டாரு.

சில விஷயம் மாறிட்டு இருக்கு. 2017லருந்து தமிழ்நாட்ல பப்ளிக் எக்ஸாம்ல ஸ்டேட் ஃபர்ஸ்ட், செகண்ட்னு பேர் அறிவிக்கறத அரசாங்கம் நிறுத்திருச்சு. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொன்ன வழிகாட்டுதல்ல 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கற எடத்துல தகுதியான கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும், முடிஞ்ச வரைக்கும் மார்க்க வெச்சு பேட்ச் பிரிக்கக்கூடாது, பசங்கள பப்ளிக்கா அவமானப்படுத்தக்கூடாதுன்னு இருக்கு. படிச்சப்ப எனக்கு அந்த வராண்டாவும் தலகாணியும்தான் தெரிஞ்சுது. தீர்ப்பு வந்த வேகத்துல தலகாணி தூக்கறது நின்னுருக்கும்னு நம்பற அளவுக்கு நான் அப்பாவி இல்ல. நாட்டுல 2022ல மட்டும் 13,000 மாணவர்களுக்கு மேல தற்கொலைல போயிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி வேற வேற கதை இருக்கும், எல்லாத்தையும் மார்க் தலைல கட்ட முடியாது. ஆனா காலைல எந்திரிக்காம இருந்தா நல்லாருக்கும்னு யாருக்காவது சாதாரணமா தோணிட்டு இருந்தா 14416, டெலிமானஸ்னு அரசாங்க மனநல ஹெல்ப்லைன், காசு கெடையாது, தமிழ்ல பேசலாம். சென்னைல சினேகான்னு தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986லருந்து இருக்கு, 044-24640050. என்ன பேசறதுன்னு பெர்ஃபெக்டா தயார் பண்ணிட்டு போன் பண்ணலாம்னு காத்திருக்காதீங்க, நான் அப்படி காத்திருந்த ஆளு.

இத எழுத ஆரம்பிச்சதுக்கு காரணமே எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா முறை, அவங்க மக. ஃபர்ஸ்ட் இயர் படிக்கறா. போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்ஆப்ல போட்டோ. எலிப்ஸ். 50, 2/3, அதே கணக்கு. "சித்தி கரெக்டா? நாலு தடவ அழிச்சிட்டேன்."

புள்ளியெல்லாம் சரியா இருந்துச்சு. கீழ்ப்பக்கம், நாலாவது புள்ளிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல லேசா ஒரு மேடு. டைப் பண்ணேன், 'கீழ மட்டும் கொஞ்சம்'. அழிச்சேன். திருப்பி டைப் பண்ணேன், அழிச்சேன்.

"சித்தி டைப்பிங் டைப்பிங்னே காமிக்குது, என்ன?"

"ஒண்ணுமில்ல. கரெக்டுதான். அடுத்த கணக்கு போடு, இல்லைன்னா படு."

ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு போயிட்டா. நான் அந்த போட்டோவ ஜூம் பண்ணி அந்த மேட்ட இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தேன்.